இரண்டு காலும் மேலே போனால் ஒன்பது மணி

போன வாரம் ப்ரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் டிவி சேனலில் சேர்ந்த பெண். இப்போது முலுண்டில் வீட்டில் இருந்தபடியே ஏதோ ஓடிடி கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். ஒரு தொடரை எத்தனை வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம் என்பதை இனிமேல் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். ரத்தம் எவ்வளவு, அலறல் எவ்வளவு, கெட்ட வார்த்தை எவ்வளவு என்று அதுவே எண்ணிப் பார்த்து, "ஏழு ப்ளஸ்", "பதின்மூன்று ப்ளஸ்" என்று லேபிள் ஒட்டிவிடுகிறதாம்.

"இதெல்லாம் இல்லாதப்ப நீங்க எப்படி மேடம் ஜட்ஜ் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"பிள்ளைங்க பாதத்தைப் பார்த்து" என்றேன்.

"பாதமா? ஃபீட்டா மேடம்?"

"ஆமா. செருப்பு போடுவோமே, அதேதான்."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, எங்கள் டீமுக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்றாள். தமிழில் எழுதினால் அவள் டீமில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. பரவாயில்லை, யாராவது வாசித்துக் காட்டட்டும். பேய்க்கதையை நாலு பேர் கூடி உட்கார்ந்து கேட்பதுதான் நல்லது.

என் பெயர் இசக்கியம்மாள். எங்கள் குலதெய்வத்தின் பெயர். திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் அழுகிற பிள்ளை வாயை மூடும். அப்பேர்ப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு, தாராவியில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணம் ஆன பிறகும் தனியாகக் குளியலறைக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவள். அவ்வளவு தைரியம். டைப்பிங் படித்து, ஒரு டிவி சேனலின் மாட்டுங்கா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தித் தொடர்களைத் தமிழுக்கு டப்பிங் செய்யும்போது வசனங்களை அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் காலத்தில் இந்தித் தொடர் என்றால் இரண்டில் ஒன்று பேய்த் தொடர். பாம்பாக மாறும் மருமகள், பல்லியாக மாறும் நாத்தனார், சுவருக்குள் வசிக்கும் முதல் மனைவி. வசனத்தில் "வீல்ல்ல்" என்று ஒரு அலறல் வந்தால்கூட நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பேன்.

ஒரு நாள் ராமநாதன் சார் என் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்துவிட்டார். அவர்தான் தரநிலைப் பிரிவின் தலைவர். எந்தத் தொடரை எந்த நேரத்தில் காட்டலாம் என்று தீர்மானிக்கிற பிரிவு அது. டிவி தொடருக்கு சினிமா மாதிரி சான்றிதழ் ஒட்டுகிற வழக்கம் இல்லை, நேரம்தான் சான்றிதழ். ஏழு மணி என்றால் குழந்தைகள் பார்க்கலாம். ஒன்பது என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பதினொன்று என்றால் குழந்தைகள் தூங்கியிருக்க வேண்டும்.

"பேடி உண்டோ உங்களுக்கு?" என்று கேட்டார். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்தவர்; பயத்தை மலையாளத்தில் பேடி என்பார்.

"நிறைய உண்டு சார்" என்றேன்.

"அப்படின்னா நம்ம டிப்பார்ட்மென்டுக்கு வந்துடுங்கோ. இங்கே எல்லாரும் தைரியசாலியா இருக்கா. ஒரு உபயோகம் இல்லை."

பயந்தவள் என்பதற்காகவே பதவி உயர்வு பெற்றவள் இந்த மும்பையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ராமநாதன் சார் மாதிரி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எந்தப் பேயையும் அவர் 'அது' என்று சொல்லவே மாட்டார். 'அந்த அம்மா', 'அவர்' என்றுதான். திரைக்கு முன்னால் உட்காருவதற்கு முன் மூக்குக்கண்ணாடியை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு, ஆபீசுக்குப் புதிதாக வந்த ஆளை இன்டர்வியூ செய்கிற மாதிரி பேயைப் பார்ப்பார். "செத்தப்புறமும் இந்த அம்மா மாமியாரண்டையேதான் நின்னுண்டிருக்கணுமா? வேற எங்கேயாவது போகப்படாதா, பாவம்" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்த இடத்தில் பயம் வராது.

ஒவ்வொரு தொடரையும் மூன்று முறை பார்ப்போம். முதல் முறை சத்தமில்லாமல். சத்தத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய பிசாசும் குர்லாவில் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரிதான் இருக்கும். இரண்டாம் முறை படமில்லாமல். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். அதில்தான் எனக்கு உயிர் போகும். மூன்றாம் முறை சனிக்கிழமை மதியம், எங்கள் ஊழியர்களின் பிள்ளைகளை வரவழைத்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவோம். பெற்றோரும் கீழே வாசலில் காத்திருப்பார்கள். பிள்ளைகள் கேட்டால் உடனே நிறுத்திவிடுவோம். வடாபாவும் மாம்பழ ஜூஸும் உண்டு என்பதால் தூரத்துக் கல்யாணிலிருந்துகூட ரயில் ஏறி வந்துவிடுவார்கள்.

இந்த மூன்றாம் முறையில்தான் சூட்சுமம். நாங்கள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காருவோம். பிள்ளைகளுக்கு நீளமான பெஞ்சு. கீழே தடுப்பு எதுவும் கிடையாது. பெஞ்சுக்கு அடியில் இருட்டாக இருக்கும். "பயமா இருந்துதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் பயம் வந்தால் கால் தானாகவே மேலே ஏறிவிடும். அடியிலிருந்து ஏதோ வந்து பிடித்துவிடும் என்று காலுக்குத் தெரியும். தரையில் கால் இருந்தால் ஏழு மணி. இரண்டு காலும் பெஞ்சுமேல் ஏறிவிட்டால் ஒன்பது. முகத்தையும் மூடிக்கொண்டால் பதினொன்று. ராமநாதன் சாரின் சட்டம் இவ்வளவுதான்.

அது பொய்த்ததே இல்லை. நாலு கை ராட்சசன் ஒருவன் எலும்பைக் கடித்துக்கொண்டு வந்தான். ஒரு கால்கூட மேலே போகவில்லை. பிள்ளைகள் அவன் தொப்பையைப் பார்த்து உருண்டு சிரித்தார்கள். அவன் ஏழு மணிக்குப் போனான். வேறொரு தொடரில் காலியான ஊஞ்சல் ஒன்று தானாக ஆடியது, வேறு ஒன்றுமே இல்லை. பெஞ்சில் இருந்த அத்தனை காலும் ஒரே நேரத்தில் மேலே போனது. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே என் காலும் போனது. இயக்குநர் வந்து சண்டை போட்டார், அந்தக் காட்சியில் ஆளே இல்லையே என்றார்.

"அதுதான் கஷ்டம்" என்றார் சார். "ஆள் இருந்தா குழந்தை அந்த ஆளைப் பார்த்துக்கும். ஆள் இல்லேன்னா, ஒரு ஆளை அதுவே உண்டாக்கிக்கும். அதுக்கு நீங்களும் நானும் உத்தரவாதம் சொல்ல முடியாது."

இப்படி ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிங்க்கி வந்து சேர்ந்தாள்.

பிங்க்கி ஒரு பேய்ச் சிறுமி. ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்டுக்குள் வசிக்கிறாள். மும்பைக்காரர்களுக்கு அந்த லிஃப்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மாடிக்கு மாடி மடக்குகிற இரும்புக் கம்பிக் கதவு, கம்பிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பள்ளம், அதில் ஆடுகிற கயிறுகள். ஒரு மாடியில் யாராவது கதவைச் சரியாக மூடாமல் போய்விட்டால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். கீழே நிற்கிறவர்கள் தொண்டை வறள "லிஃப்ட், லிஃப்ட்" என்று கத்துவார்கள். தொடரில் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் கம்பி வழியாக மிட்டாயை நீட்டி மூன்று முறை "பிங்க்கி" என்று கூப்பிட வேண்டும். உள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து மிட்டாயை வாங்கிக்கொள்ளும். அன்றைக்குக் கணக்கு வீட்டுப்பாடம் பிங்க்கி பொறுப்பு.

முதல் முறை, இரண்டாம் முறை எல்லாம் பாஸ். ரத்தம் இல்லை, கோரைப் பல் இல்லை, விரித்த தலைமுடி இல்லை. இரட்டைப் பின்னலும் ரிப்பனும்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்கும்போதுகூட நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை என் மகள் மீனாவும் வந்திருந்தாள், எட்டு வயது. பெஞ்சு முழுக்கக் கால்கள் தரையில்; சும்மாகூட இல்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நம்ம சர்வீசிலேயே இத்தனை மரியாதையான ஒரு பேயை நான் பார்த்ததில்லை, இசக்கி" என்றார். ஏழு மணி என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பள்ளி விடுமுறையில் ஆரம்பம், ஊரெல்லாம் போஸ்டர்.

பிள்ளைகள் ஹோவென்று வெளியே ஓடினார்கள். எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடி. எங்கள் கட்டடத்தின் லிஃப்டும் அதே கம்பிக் கதவு லிஃப்ட்தான். நான் வடாபாவ் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மீனா கதவோரம் குந்தியிருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கம்பிக்குள்ளே இருந்தது. விரல்களில் ஒரு மிட்டாய். "பிங்க்கி, பிங்க்கி" என்று இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. பின்னால் மற்ற பிள்ளைகள் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு மிட்டாய். மேலே கிர்ரென்று சத்தம். ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

காகிதங்களை அப்படியே கீழே போட்டேன். ஓடிப்போய்ச் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். மிட்டாய் பள்ளத்துக்குள் போனது. அடுத்த மூச்சில் லிஃப்டின் அடிப்பாகம் கம்பியை உரசிக்கொண்டு எங்கள் மாடியைக் கடந்து இறங்கியது. லிஃப்ட்மேன் பாண்டு உள்ளே நின்றபடி, தரையில் கிடக்கிற எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்.

மீனாவை ஒரு அடி வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அந்தக் கையை விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தேன். இன்றைக்கு அந்தக் கையால் அவள் தன் பிள்ளைக்குச் சோறூட்டுவதைப் பார்க்கும்போதும் என் கண் விரல்களை எண்ணும்.

ராமநாதன் சார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கைகளைத் தூக்கித் தானே பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் காலையே பார்த்துண்டிருந்தோம், இசக்கி. கை எங்கே போறதுன்னு ஒருத்தரும் பார்க்கலை" என்றார். "பயப்படாத குழந்தைதான் கையை நீட்டும்."

திங்கட்கிழமை தயாரிப்பாளர் பாட்டியா வந்தார். ஏழு மணி இல்லை என்றதும் ஆள் கொதித்துப்போனார். "என்னங்க இது, என் தொடரில் ரத்தம் என்ன, எச்சில்கூடக் கிடையாதே" என்று இந்தியில் குதித்தார். சரி, பதினொன்றுக்குத் தள்ளலாம் என்றால் அதுவும் உதவாது. விளம்பரத்தை நாள் முழுக்கக் காட்டுவார்கள், பிள்ளைகள் அதிலேயே கற்றுக்கொள்வார்கள். லிஃப்டை விட்டுப் பிங்க்கியை வேறு இடத்துக்குக் குடியேற்றலாம் என்றார் சார். பாதித் தொடர் எடுத்து முடித்தாகிவிட்டது, லிஃப்ட்தான் செட்டே என்றார் பாட்டியா. கடைசியில் சேனல் மேலிடத்திலிருந்து போன் வந்தது: நீங்கள் சம்மதிக்காவிட்டால் வேறு ஊர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறோம். லிஃப்டே இல்லாத ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் ஏழு மணி என்று எழுதிவிடுவார். அப்புறம் மாட்டுங்காவிலும் தாதரிலும் எத்தனை மாடிகள், எத்தனை கம்பிக் கதவுகள், எத்தனை மீனாக்கள்.

அன்று வீட்டில் மீனாவை உட்காரவைத்துக் கேட்டேன். "ஏட்டி, லிஃப்டுக்குள்ள கைய விடக்கூடாதுன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்?"

"நெறைய மட்டம்."

"பொறவு ஏன் விட்ட?"

"பிங்க்கிதானம்மா விடச் சொன்னா."

"நாஞ் சொன்னா கேக்க மாட்ட, அவ சொன்னா கேப்பியோ?"

மீனா என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அரே, நீ சும்மா அம்மா. அவ பேய்லா?"

எனக்குச் சுருக்கென்றது, உடனே சிரிப்பும் வந்தது. பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். எட்டு வருஷம் கூடவே இருக்கிற அம்மாவின் சொல்லும், இரட்டைப் பின்னல் போட்ட பேயின் சொல்லும் ஒன்றாகுமா? அப்படியானால் சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டுமே.

மறுநாள் காலை மூச்சிரைக்க ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். பிங்க்கி திரையில் அதிகம் தெரிவதில்லை. முக்கால்வாசி நேரம் லிஃப்டுக்குள்ளிருந்து வருகிற குரல்தான். குரலை மாற்றுவது டப்பிங் வேலை. அது எங்கள் சமையலறை. கம்பிக்குள் மிட்டாய் நீட்டுகிற காட்சிகளை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

"என்ன சொல்லணும் அந்தக் குழந்தை?" என்றார் சார். பேய்க் குழந்தையைத்தான் கேட்டார்.

"கதவைப் பூராவும் மூடணும், தள்ளி நிக்கணும், கைய உள்ள விடக்கூடாதுன்னு."

"அது சொசைட்டி செக்ரட்டரி பேசறாப்போல இருக்கே. அவளுக்கு ஒரு காரணம் வேணுமே. எதுக்குக் கை வரப்படாது?"

இரண்டு பேரும் யோசித்தோம். பாண்டு டீ கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சட்டென்று தோன்றியது. "கூச்சம் சார். அவளுக்குக் கிச்சுக்கிச்சு. யாராவது கைய விட்டா சிரிப்புத் தாங்காம ஓடிப்போயிருவா. அன்னைக்கு வீட்டுப்பாடம் அம்போ."

ராமநாதன் சார் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி நழுவி டீயில் விழுந்தது. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு பாட்டியாவுக்கு போன் செய்தார். பாட்டியா முதலில் முனகினார். கூச்சப்படுகிற பேய் என்றதும் போனிலேயே அவருக்கு நாலு காட்சி தோன்றிவிட்டது. மிட்டாயை லிஃப்ட்மேனின் ஸ்டூல்மேல் வைக்க வேண்டும் என்று மாற்றினார்கள். "கதவ முழுசா மூடு. கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ. ஐயையோ, கிட்ட வராதே, எனக்குக் கூச்சம்" என்று பிங்க்கி சிணுங்குகிற வசனத்தைத் தமிழில் நான்தான் எழுதினேன். அதற்குக் குரல் கொடுத்த பெண் செம்பூரில் இன்னும் என் பக்கத்துத் தெருதான். அவள் குரலில் அது வந்தபோது ஸ்டூடியோவே குலுங்கியது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பிள்ளைகளை வரவழைத்தோம். இந்த முறை கதவுப் பக்கம் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். லிஃப்டைக் கீழே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தோம். படம் முடிந்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். நானும் சாரும் பின்னாலேயே ஓடினோம்.

மீனா கதவுக்கு நாலடி தள்ளி நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். பின்னால் வரிசை முழுக்க அப்படியே. சார் சொன்ன பிறகு பாண்டு லிஃப்டை மேலே கொண்டுவந்து நிறுத்தியதும் ஒவ்வொருவராகப் போய், பாண்டுவின் ஸ்டூலில் மிட்டாயை வைத்துவிட்டு, வெளியே வந்து, கதவை இழுத்து மூடி, மூடியதா என்று ஆட்டியும் பார்த்தார்கள். உள்ளே நின்ற ஒரு பெரிய மனிதர் கதவில் கை வைத்ததற்கு, "அங்கிள், கூச்சம்" என்று எல்லோரும் சேர்ந்து அதட்டினார்கள். சார் என்னைப் பார்த்து ஏழு விரல்களைக் காட்டினார்.

பிங்க்கி ஓடிய காலத்தில் மும்பையில் கம்பிக் கதவு லிஃப்டுகள் அடைந்த சுகத்தைச் சொல்லி முடியாது. எந்த மாடியிலும் கதவு திறந்து கிடக்கவில்லை. கீழே நின்று "லிஃப்ட்" என்று கத்துகிறவர்களின் தொண்டை ஆறியது. தெரியாத்தனமாகக் கதவை அரைகுறையாக விட்டுப்போன மாமாக்களைப் பிள்ளைகள் படியேறிப் போய்த் திரும்பக் கூட்டிவந்து மூடவைத்தார்கள். பாண்டுவுக்கு மட்டும் மிட்டாய் தின்று தின்று பல் கெட்டது.

ப்ரியாவிடம் பிங்க்கி கதையைச் சொன்னேன். நாங்கள் மாற்றுவதற்கு முந்தைய முதல் பகுதி அவர்கள் கம்பெனிக் கிடங்கில் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஏழு ப்ளஸ்னு வருது மேடம். ஃபியர், ஜீரோ." எங்களுக்கும் முதலில் அப்படித்தான் வந்தது என்றேன். படம் முடிந்த பிறகு பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று அந்தக் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் வெளியே வந்து பார்க்கச் சொல் என்றேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன் மாட்டுங்காவுக்குப் போய் ராமநாதன் சாரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாலாம் மாடி, பழைய கட்டடம், அதே கம்பிக் கதவு. இப்போது லிஃப்ட்மேன் கிடையாது, ஸ்டூல் மட்டும் இருக்கிறது. அதன்மேல் ஒரு மிட்டாய். நான் உள்ளே நுழைந்து கதவை இழுத்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி பின்னாலேயே ஏறினாள்.

"ஆன்ட்டி, டீக் சே, நல்லா மூடுங்க. பிங்க்கிக்குக் கூச்சம்."

தொடர் முடிந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. இந்தப் பெண் அப்போது பிறந்தேயிருக்க மாட்டாள். "பிங்க்கிய டிவியில பார்த்தியாம்மா?" என்று கேட்டேன்.

"டிவியிலயா?" அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அவ இந்த பில்டிங்ல இருக்கா ஆன்ட்டி. மேல, கயிறு இருக்குல்ல, அங்க."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் மாடியில் இறங்கி, கதவை மூடி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் மட்டும் தனியாக. பிங்க்கியின் வசனத்தை எழுதியவள் நான், அவள் குரல் செம்பூரில் எந்தக் கடையில் காய்கறி வாங்குகிறது என்பது வரைக்கும் அறிந்தவள். முழங்கால் வலித்ததால் மிட்டாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். லிஃப்ட் கிளம்பியது. மேலே, கயிறு இருக்கிற பக்கம், யாரோ சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத சக்கரமாகத்தான் இருக்கும்.

நாலாம் மாடியில் எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன். மிட்டாய் திரும்பவும் ஸ்டூலின் ஓரத்தில் இருந்தது, நானே வைத்திருக்கிறேன். என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கால் இரண்டும் தரையில் இல்லை, ஸ்டூலின் குறுக்குக் கம்பிமேல் ஏறியிருந்தன. சாரிடம் உள்ளே போய் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன்: "நாம பிங்க்கிய ஒன்பது மணிக்குப் போட்டிருக்கணும் சார்."